புளித்த சட்டை

நான் சொல்லப்போவது இப்படியேதான் நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பதினாறு வருடம் ஆகிவிட்டது. அந்த நாளை மறக்கவில்லை என்பதுதான் சிக்கல். அடிக்கடி எடுத்துப் பார்த்ததில் அதன் ஓரங்கள் தேய்ந்துவிட்டன. வெயில் நினைவிருக்கிறது. இசக்கிராஜின் வலது கை எந்த உயரத்தில் நின்றது என்பது நினைவிருக்கிறது. பட்டையை முதன்முதலில் உரித்தது யார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது. சில நாள் அது அவன் விரல். சில நாள் என் விரல்.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்கள் ஆலை இருந்தது. பத்தாயிரம் கண்ணாடிகள் சூரியனைத் திருப்பி ஒரு கோபுரத்தின் உச்சியில் விட, அங்கே உப்பு உருகிக் குழாய்களில் ஓடும். அந்தச் சூட்டில் இரவு முழுக்க மின்சாரம். சமையல் உப்பு இல்லை, வேறு உப்பு. ஆனால் இசக்கிராஜ் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். முத்தையாபுரத்து உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை.

"எங்கய்யா உப்ப வாரினாரு. நான் உருக்குதேன். எம் மவன் குடிக்கப் போறான் பாருங்க," என்பான்.

அவன் குழாய்ப் பிரிவில் ஃபிட்டர். நான் பாதுகாப்பு ஸ்டோரில் பொறுப்பாளர். பெயர் மரிய புஷ்பம். ஸ்டோருக்குள் ஒரு குளிர் அறை, உறைநிலைக்குப் பதினெட்டு டிகிரி கீழே. அதற்குள் போய்வர நான் பச்சைக் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருப்பேன். வெளியே மே மாதம் நாற்பத்தொன்பது டிகிரி. அந்த ஜில்லாவிலேயே ஸ்வெட்டர் போட்ட ஒரே பெண்பிள்ளை நான்தான். ஆலையில் என் பெயர் கொடைக்கானல் அக்கா.

அந்தக் குளிர் அறையில்தான், தலை முதல் பாதம் வரை மூடும் ஓட்டுச் சட்டைகள் தொங்கின.

அவை வந்து இறங்கிய அன்று பாதுகாப்புப் பொறியாளர் நெல்லையப்பன் சார் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மெலிந்த மனிதர். கோபப்பட்டாலும் குரல் உயராது.

"மேல துணி, உள்ள துணி, நடுவுல பிசின். இப்போ மெழுகு மாதிரி வளையும். நெருப்போ உருகின உப்போ பட்டா இறுகி ஓடாயிரும். அந்த ஓடு எரியாது, உருகாது. உள்ள இருக்கிற ஆளுக்குச் சூடு போகாது."

"எப்படி சார் இறுகும்? தண்ணி வத்தினாத்தானே எதுவும் இறுகும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இது வத்துறதில்லை. பிசின்ல கோடிக்கணக்கான சின்னச் சின்னத் துண்டு. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு கை. குளிர்ல கையைக் கட்டிக்கிட்டுத் தூங்கும். சூடு பட்டா எந்திரிச்சு பக்கத்துல இருக்கிறதைப் பிடிக்கும். எல்லாம் பிடிச்சு முடிச்சா ஒரே வலை. பிடிச்ச கையை அப்புறம் எந்தச் சூட்டாலயும் விடுவிக்க முடியாது."

"அப்ப எதுக்கு சார் ஃப்ரிட்ஜு?"

"இட்லி மாவு எதுக்கு ஃப்ரிட்ஜுல இருக்கு? வெளிய வச்சா புளிக்குது. இதுவும் அப்படித்தான். சாதாரணக் காத்துலயே மெல்ல மெல்லக் கை கோக்க ஆரம்பிக்கும். மொத்தத்துல முப்பது மணி நேரந்தான் இது குளிருக்கு வெளிய இருக்கலாம். அதுக்கு மேல புளிச்சிரும்."

"புளிச்ச மாவுல தோசை முறுகலா வருமே சார்," என்றான் இசக்கிராஜ். எல்லோரும் சிரித்தார்கள். நெல்லையப்பன் சிரிக்கவில்லை.

"முழங்கால், இடுப்பு, தோள், இந்த இடமெல்லாம் கடைசியாத்தான் இறுகும். தொண்ணூறு விநாடி நேரம் இருக்கு, நடந்து வெளிய வர. புளிச்ச சட்டைன்னா பாதிக் கை ஏற்கெனவே கோத்திருக்கும். நெருப்பைப் பாத்ததும் மீதி ஒரே மூச்சுல கோத்துக்கும். தொண்ணூறு கிடையாது. நின்ன இடத்துல நிக்க வேண்டியதுதான்."

ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. குளிரில் வெள்ளையாகவே இருக்கும். வெளியே இருக்கும் நேரத்துக்கு ஏற்ப டீ நிறமாகி, முப்பது மணி நேரம் முடிந்தால் கறுக்கும். கறுத்த சட்டையை அழித்துவிட வேண்டும். எங்கள் வேலையைப் பட்டை பார்த்துக்கொள்ளும் என்றார் நெல்லையப்பன்.

மார்ச் மாதம் கனியம்மாள் கண்ணாடிகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தாள். கண்ணாடி துடைக்கும் ஒப்பந்தக் கூட்டத்தில் ஒருத்தி. முப்பத்தெட்டு வயதிருக்கும், பேச்சு குறைவு. பத்து நாள் கழித்து மறுபடி விழுந்தாள். ஒப்பந்தக்காரரின் விதி எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் முறை விழுந்தால் பெயர் நீக்கம். மத்தியான இடைவேளையில் அவள் என் ஸ்டோர் வாசலில் வந்து, குளிர் அறைக் கதவின் இடுக்கில் கசியும் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். குளிர் அறைக்குள் அனுப்ப முடியாது. வேர்த்த உடம்போடு மைனஸ் பதினெட்டு டிகிரிக்குள் போனால் மூச்சு பிடித்துவிடும்.

இசக்கிராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் சொன்னான்.

"யக்கா, என் சட்டைய வெளிய எடுங்க. அதுக்குள்ள செத்த நேரம் உக்காரட்டும். பனிக்கட்டி மாதிரில்லா இருக்கு."

"புளிச்சிரும்லே."

"நான் என்ன தினமுமா போடுதேன்? வருசத்துக்கு ஒருக்கா ஒத்திகைக்குப் போடுதேன். அரை மணி நேரத்துல என்ன புளிக்கப் போவுது?"

இது அவன் சொன்னது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழாம் எண் சட்டை அவன் அளவுக்குத் தைத்தது. கனியம்மாள் அதற்குள் இறங்கி, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் கோயிலில்கூட யாரிடமும் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் பட்டையின் ஓரம் லேசாக மஞ்சளித்தது. அப்போதுதான் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் அதைச் செய்தது. பட்டையைக் கழுத்திலிருந்து உரித்து, குளிர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, சட்டையை மட்டும் வெளியே எடுத்தோம். முடிந்ததும் பட்டையைத் திரும்பக் கழுத்தில். அதற்குப் பிறகு பட்டை நிறம் மாறவேயில்லை. சட்டை வெளியே வந்ததே அதற்குத் தெரியாது.

எங்களுக்கும் நாளடைவில் தெரியாமல் போயிற்று. பட்டை வெளுப்பாக இருந்தால் சட்டை நன்றாக இருக்கிறது என்று பழகிய கண், நாங்களே ஏமாற்றிய பட்டையையும் அப்படியே நம்பியது. நாற்பது மத்தியானங்கள். இடைவேளை அரை மணி நேரம் என்று பேர். அது நீண்டு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பார்க்கவில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்று பத்துக்கு ஆபத்து மணி அடித்தது.

கோபுரத்து அடியில் வால்வுக் குழியில் உப்பு பீறிட்டிருந்தது. மேலே படிக்கட்டில் பதினொரு பேர் இறங்க வழியில்லாமல் நின்றார்கள். இசக்கிராஜ் ஓடிவந்தான். கனியம்மாள் சட்டைக்குள் இருந்தாள். நாங்கள் அவளை இழுத்து வெளியே எடுத்தோம். அவன் காலை உள்ளே விட்டான்.

"ஏ, வெதுவெதுன்னு இருக்கே," என்றான். சிரித்தான் என்று நினைக்கிறேன். நான் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டினேன். முகக் கண்ணாடியை இறக்கினேன். அவன் ஓடினான். பட்டை சுவரிலேயே இருந்தது.

வால்வை மூடிவிட்டான். கடைசிச் சுற்றில் ஒரு வீச்சு உப்பு அவன் மேல் வந்து விழுந்தது. ஆரஞ்சுச் சட்டை நிறம் மாறிக் கறுத்தது. அவன் திரும்பி நடந்தான். நான் வாசலிலிருந்து எண்ணினேன். பத்தொன்பது அடி. இருபதாவதுக்கு வலது காலைத் தூக்கினான். கால் கீழே வரவில்லை. வலது கை, யாரையோ கூப்பிடுவதுபோலத் தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

நான்கு பேர் தள்ளுவண்டியில் ஏற்றி, நிற்கிற நிலையிலேயே கட்டி, ஸ்டோர் நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். உயிரோடு இருந்தான். கண்ணாடிக்குள் கண் அசைந்தது. நெல்லையப்பன் ரம்பத்தோடு வந்தார். வெட்டுவதற்கென்றே முதுகில் மெல்லிய கோடு ஒன்று விட்டிருப்பார்கள். அதுவும் இறுகிக் கிடந்தது. முதல் பிளேடு ஒரு சாண் போவதற்குள் மழுங்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.

"இப்படி ஆகக் கூடாதே," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "தூத்துக்குடியிலருந்து பிளேடு வருது. ஒரு மணி நேரம்."

"காத்து இருக்குல்லா சார்? சிலிண்டரை மாத்திக்கிட்டே இருந்தா போதும்லா?" என்றேன்.

அவர் என்னைத் தனியே இழுத்தார். "காத்து இல்லைம்மா பிரச்சினை. அவன் உடம்புச் சூடு. மனுச உடம்பு சும்மா நின்னாலே சூட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்கணும். இதுல விட வழியில்லை. உள்ள இருக்கிற குளிர்ப்பை இருபது நிமிசந்தான் தாங்கும். அப்புறம் அவன் சூட்டுலயே அவன்..."

ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கண்ணாடி துடைப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நான் கையை வைத்துப் பார்த்தேன். ஓட்டின் மேல்புறம் ஜில்லென்று ஆனது. உள்ளே ஒன்றும் போகவில்லை. சூட்டை உள்ளே விடாத ஓடு, குளிரை மட்டும் எப்படி விடும்? தண்ணீர் ஓடித் தரையில் சேர்ந்தது. ஊற்றுவதை யாரும் நிறுத்தவும் இல்லை.

முகவாய்க்குக் கீழே மூச்சு வெளியேறும் சின்ன வால்வு. அங்கே காதை ஒட்டினால் அவன் பேசுவது கேட்டது. நான் ஒட்டிக்கொண்டேன்.

"யக்கா."

"சொல்லுலே."

"மூக்கு அரிக்குது."

எனக்கு அழுகை வந்தது. அவன் இன்னும் மூச்சு வாங்கினான். கண்ணாடி உள்பக்கம் புகை படிந்தாற்போல வேர்த்திருந்தது.

"கொதிக்குதுக்கா. கால் ரெண்டும் அடுப்புல வச்ச மாதிரி. எவ்வளவு நேரம் ஆவும்?"

"பிளேடு வந்துக்கிட்டிருக்கு. இந்தா இப்ப வந்துரும்."

அவன் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, விசாரணை வரும். பட்டைய உரிச்சது நாந்தான்னு சொல்லிருங்க. போறவன் தலையில போடுங்க. ஒங்களுக்கும் கனிக்கும் வேலை நிக்கணும்."

"சும்மா கெட."

"சரின்னு சொல்லுங்க."

"சரி," என்றேன்.

அப்போதுதான் கனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னாலேயே ஒப்பந்தக்காரரும் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நெல்லையப்பனிடம், நான் அதுவரை கேட்டிராத உரத்த குரலில் சொன்னாள்:

"சார், இடது இடுப்புக்குப் பின்னால ஒரு விரக்கடை அகலத்துக்குக் குளிர் இருக்காது."

"என்னது?"

"எல்லா இடமும் ஜில்லுனு இருக்கும். அந்த ஒரு எடம் மட்டும் வெறுந்துணி மாதிரி இருக்கும். அங்க உள்ள ஒண்ணும் இல்ல சார். பிசினே இல்ல."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அதுக்குள்ள தினமும் உக்காந்திருக்கேன். நாப்பது நாளா."

ஒப்பந்தக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததை நான் பார்த்தேன். கனியம்மாளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, தள்ளுவண்டியைச் சுற்றிப் போய், கருகிய துணிமேல் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள். ஓரிடத்தில் விரல் உள்ளே போனது. பிசின் தகடுகள் இரண்டு சேரவேண்டிய இடத்தில், தைத்தவர்கள் விட்ட இடைவெளி. பரிசோதனையில் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காதது. குளிரைத் தேடித் தேடி உட்கார்ந்த ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

நெல்லையப்பன் கத்தியால் கிழித்தார். நீராவி போலக் காற்று வந்தது. குளிர் அறைப் பனிக்கட்டியைத் தண்ணீரில் போட்டு, ரப்பர் குழாயை அந்த ஓட்டைக்குள் விட்டு ஊற்றச் சொன்னார். ஓடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. பாதத்திலிருந்து இடுப்பு வரை நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீர் முதலில் சுடச்சுட வந்தது. பிறகு வெதுவெதுப்பாக.

"யம்மா," என்றான் இசக்கிராஜ். வால்வில் காதை வைக்காமலே கேட்டது.

இன்னும் பனிக்கட்டி எடுத்துவர நெல்லையப்பன் தானே குளிர் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் வாளி. மறு கையில் வெள்ளைப் பட்டை. அதில் ஏழு என்று அச்சிட்டிருந்தது.

"இது சுவர்ல ஒட்டியிருந்துச்சு," என்றார் என்னிடம், மெதுவாக. "உரிச்சது யாரு?"

அவன் இனிப் பிழைத்துவிடுவான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியும். வழியும் தண்ணீரில் என் கால் நனைந்துகொண்டிருந்தது. கனியம்மாள் குழாயைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இசக்கி," என்றேன்.

கண்ணாடிக்குள் அவன் கண்கள் என்மேல் இருந்தன. அவனுக்குக் கேட்டது. ஒரு முறை இமைகளை மூடித் திறந்தான். சம்மதமா, வேர்வை உறுத்தியதா, தெரியாது.

இரண்டு நாற்பதுக்குப் பிளேடுகள் வந்தன. இடுப்பு ஓட்டையிலிருந்து மேலும் கீழுமாக அறுத்து அவனை எடுத்தார்கள். எடுத்த பிறகும் ஓடு அவனைப் போலவே காலைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டியில் நின்றது.

விசாரணை மூன்று நாள் நடந்தது. நான் பேப்பரில் எழுதிக் கொடுத்ததையே வாயாலும் சொன்னேன். இசக்கிராஜை ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பட்டையை உரித்தது நீயா என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் மறுப்பேன் என்று அவன் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். அவன் மறுப்பான் என்று நான் காத்திருந்தேன். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது.

"ஆமா சார்," என்றான்.

சாவோம் என்று நினைத்துச் சொன்ன ஒரு சொல்லோடு அவன் பிழைத்துவிட்டான். அதற்குள் நான் அவனை வைத்துப் பூட்டிவிட்டேன். நானும் அதே பூட்டுக்குள்தான் இருந்தேன் என்று சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். எனக்கு நடக்க முடிந்தது, சம்பளம் வந்தது, மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள முடிந்தது.

ஒரே ஒரு முறை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காப்பி கொடுத்தாள். அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் போய் உண்மையைச் சொல்லிரட்டுமாலே?" என்றேன் கடைசியில்.

"எது உண்மைக்கா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. "எனக்கே நெசமா ஞாபகம் இல்ல. நானா இருந்தாலும் இருக்கும். விடுங்க, காப்பி ஆறுது."

போன மாதம் நெல்லையப்பன் சார் திருநெல்வேலியிலிருந்து ஃபோன் செய்து வரச் சொன்னார். ஓய்வுபெற்று ஆறு வருடமாயிற்று, உடம்பு சரியில்லை. பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை ஃப்ரீசரிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஏழாம் எண் பட்டை. ஓரத்து மஞ்சளைத் தவிர வெள்ளையாகவே இருந்தது.

"இதை நான் விசாரணைக்குக் குடுக்கலை. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிட்டேன்," என்றார். "திருப்பிப் பாருங்கம்மா."

திருப்பினேன். பசைப் பக்கத்தில் நாலைந்து பச்சைக் கம்பளி இழைகள் ஒட்டியிருந்தன.

"அன்னைக்கே பாத்துட்டீங்களா?"

"குளிர் அறைக்குள்ளயே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கேட்டேன்." பட்டையை வைத்து எடுத்துப்போக டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஸ்டோர் என் பொறுப்பு. உரிச்சது நீங்கன்னா நானும் போயிருப்பேன். ஃபிட்டர்னா அவன் மட்டும்தான். நீங்க அவன் பேரைச் சொன்னதும் எனக்குப் பெருமூச்சு வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்த இழைகள் கடைசி நாளுக்குத்தான் சாட்சி. முதல் நாள் யார் உரித்தது என்று அவை சொல்லாது. பேருந்தில் வரும் வழியெல்லாம் இதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மற்றபடி, எல்லோரும் இப்படி ஆனார்கள். படிக்கட்டில் நின்ற பதினொரு பேரும் நலமாக இருக்கிறார்கள். இப்போது பட்டையைச் சட்டைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள், உரிக்க முடியாது. கனியம்மாளின் பெயரை அன்று சாயங்காலமே நீக்கிவிட்டார்கள். அவள் தருவைக்குளத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், என்னோடு பேசுவதில்லை. இசக்கிராஜை முறைகேடு என்று எழுதி வேலையிலிருந்து எடுத்தார்கள். முழங்கால் சரியாக வரவில்லை. முத்தையாபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கிறான். மகன் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். நெல்லையப்பன் சார் நேற்று முன்தினம் காலமானார். நான் இன்னும் அதே ஸ்டோரில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டையைப் பற்றி விளக்குவதும் நான்தான். பட்டை என் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது.